பார்த்து மருந்து சொன்னவர்

அந்த மனிதரோடு ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தேன். ஆறு வருடமும் சண்டைதான். சண்டை பிடித்தது நான்; அவர் ஒருநாளும் திருப்பிப் பிடிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதன் என்றால் திருப்பி ஒரு சொல் சொல்ல வேண்டாமா?

இரணைமடுவுக்குக் கிழக்கே ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி. பத்துக் கட்டில், வெளிநோயாளரைப் பார்க்க ஓர் அறை, ஒரு மருந்து யன்னல். பட்டம் பெற்ற டொக்டர் கிழமைக்கு ஒருநாள் வந்தால் பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் அவர்தான். பதிவில் உதவி மருத்துவர், ஊர்ச்சனத்துக்கு அப்போதிக்கரி, எனக்கு ஐயா. நான் மருந்து யன்னலில் நின்று குளிசை எண்ணிக் கொடுப்பவள். அவர் எழுதும் துண்டு கைக்கு வந்தால்தான் எனக்கு வேலை. அந்தத் துண்டுதான் வராது.

காய்ச்சல் என்று ஒரு பிள்ளையைக் கொண்டுவருவார்கள். தொட்டுப் பார்ப்பார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். எல்லாம் சரி, இனி எழுத வேண்டியதுதானே? எழுதமாட்டார். "பாத்துச் சொல்லுறன்" என்பார். மேசையில் கிடக்கும் தடித்த மருந்துப் புத்தகத்தை விரிப்பார். அட்டையும் முன்பக்கங்களும் கறையானுக்குப் போன புத்தகம். இருபது வருடமாக அதே காய்ச்சல், அதே குளிசை. நித்திரையில் எழுப்பிக் கேட்டால் நானே அளவு சொல்லிவிடுவேன். அவர் பார்ப்பார். பார்ப்பதற்கு முன் பிள்ளையைத் தராசில் ஏற்றி நிறுப்பார். முந்தநாள் நிறுத்த பிள்ளை என்றாலும் நிறுப்பார்.

தராசும் சும்மா வராது. காலையில் வந்ததும் முதல் வேலை, ஐந்து லீற்றர் கானில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பித் தராசில் வைப்பது. பிறகு வெறும் கானை வைப்பது. கழித்து ஐந்து கிலோ வராவிட்டால் அடியில் இருக்கும் திருகாணியைத் திருப்பித் திருப்பி ஊசியை நேராக்குவார். அதற்குள் வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போயிருக்கும். சனம் அவரில் கோபப்படாது. யன்னலுக்கு வந்து என்னில்தான் ஏறி விழும்.

ஒருநாள் நெல் ஆலைக்காரர் ஒருவர் பொறுமை கெட்டு, நீர் படிச்சுத்தான் இந்தக் கதிரையில இருக்கிறீரோ என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். நான் யன்னலுக்குள் நின்று நன்றாகக் கேட்டார் என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். இவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிச்சனான்தான். மண்டையில இருக்கிறது ஒருநாளைக்குப் பிழையாப் போகும். அது எந்த நாளெண்டு எனக்குத் தெரியாது."

ஆலைக்காரர் போகும்போது, தோட்டக்காட்டாருக்கு அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். இவருடைய குடும்பம் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தைவிட்டு ஓடிவந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியது. அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போது வந்தவர். பேச்செல்லாம் எங்கள் பேச்சுத்தான். பயந்தால் மட்டும் அந்தப் பழைய பேச்சு வாயில் வரும். ஆலைக்காரர் சொன்ன அந்தச் சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன். வீட்டில் வைத்துச் சொன்னேன், அதனால் பாவம் குறையாது. அவருக்குக் கலியாணம் இல்லை. அக்கா ஒருவர் இருந்தார். மத்தியானம் சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் வந்து, தம்பி எழும்பும்வரை வாங்கில் இருப்பார். மூன்று மணிக்கு முன் தம்பி எழும்பியதை நான் காணவில்லை.

இவ்வளவு எரிச்சலோடு ஏன் அங்கே நின்றாய் என்று கேட்கலாம். என் மகளுக்காக நின்றேன். தகப்பன் இல்லாத பிள்ளை. ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்புத் தொடங்கி, காய்ச்சல் போன பிறகும் வலிப்புப் போகவில்லை. காலையும் மாலையும் மருந்து சரியான அளவில் உள்ளே போனால் மற்றப் பிள்ளைகளைப் போலத் துள்ளித் திரிவாள். குறைந்தால் விழுவாள். கூடினால் நாள் முழுக்கத் தூங்கி வழிவாள். மருந்து இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்றுதான் அந்த யன்னலைப் பிடித்துக்கொண்டேன். எந்த மருந்து முடிகிறது, எது வருகிறது என்று முதலில் தெரிவது எனக்குத்தானே.

சமாதான காலத்தில் வன்னிக்குப் பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்படி ஒரு டொக்டர் வந்தார், எங்கள் ஆள்தான், நல்ல சப்பாத்து. அவர் ஐயாவுக்கு ஒரு சாமானைக் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கணினி. போன் இல்லை, ஆனால் சனம் அதைப் போன் என்றுதான் கடைசிவரை சொன்னது. நாங்கள் பெட்டி என்று சொல்லுவோம். சாம்பல் நிறத் திரை. ஒரு பிளாஸ்ரிக் குச்சியால் தொடவேண்டும். ஒரு மருந்துப் புத்தகம் முழுவதும் அதற்குள் இருந்தது. மருந்தின் பெயரை எழுதினால் எவ்வளவு கொடுக்கலாம், எதனோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, என்ன கெடுதல் செய்யும் எல்லாம் வரும். பிள்ளையின் நிறையைப் போட்டால் அளவைத் தானே கணக்குப் பார்த்துத் தரும். நிறை தெரியாவிட்டால் பிறந்த திகதியைப் போடலாம். அது வயதைக் கணித்து, அந்த வயதுக்கு வழக்கமான நிறை இதுதான் என்று தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

வந்தவர் அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தார். மூன்று பக்கத்தாலும் படம் எடுத்தார். உள்ளே இருக்கும் புத்தகத்துக்கு ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கிறது, அடுத்த வருடம் வந்து புதுப்பித்துத் தருவேன் என்று சொல்லி, ஐயாவின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவரை நான் பிறகு காணவில்லை. படத்தை எங்காவது ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கியிருப்பார். விசர்க்கூட்டம். ஒரு வருடத்தில் பூட்டிக்கொள்ளும் சாமானை, அதைத் திறக்கிற திறப்பு இல்லாத ஊருக்கு ஏன் கொண்டுவர வேண்டும்?

பெட்டி வந்தால் வரிசை வேகமாகப் போகும் என்று நம்பினேன். முன்னையதைவிட மோசமாகப் போனது. புத்தகத்தில் ஒரு நோய்க்கு மூன்று மருந்து இருக்கும். பெட்டியில் பன்னிரண்டு இருந்தது. அவர் முதலாவதிலிருந்து வாசிப்பார். "இது இருக்கோ?" என்று யன்னலைப் பார்ப்பார். இல்லை என்பேன். அடுத்தது. இல்லை. எங்களிடம் மொத்தம் இருந்ததே ஒரு தட்டு மருந்து, அது அவருக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லாததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, மாதம் முடிய மேலிடத்துக்குக் கடிதம் போடுவார். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. இல்லாத மருந்தை ஏன் சனத்துக்கு முன்னால் வாசிக்கிறியள் என்று கத்திவிட்டேன். இல்லையெண்டதைச் சனம் தெரிஞ்சு வைச்சிருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் பதில்.

சரியாக ஒரு வருடத்தில் பெட்டி பூட்டிக்கொண்டது. காலம் முடிந்துவிட்டதாம், ஆங்கிலத்தில் ஒரு வரி. எந்த மருந்தைத் தொட்டாலும் அதே வரி. ஐயா சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கறையான் தின்ற புத்தகத்தைத் தேடி எடுத்தார். மூன்றாம் நாள் காலை வந்தவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. பெட்டியின் நாட்காட்டியை ஒரு மாதம் பின்னால் திருப்பிவிட்டிருந்தார். பெட்டி திறந்துகொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி அதைத் திருப்பிவிடுவார். வெளியில் இரண்டாயிரத்து ஐந்து, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எப்போதும் இரண்டாயிரத்து நாலு. அதில் ஓர் ஆபத்து இருந்தது. பிறந்த திகதியைப் போட்டால் பெட்டி பிள்ளையின் வயதைக் குறைத்துக் கணிக்கும், மருந்தும் குறைந்துவிடும். ஆகவே ஒரு துண்டுப் பிளாஸ்ரரில் "வயது போடவேண்டாம், நிறை போடவும்" என்று எழுதிப் பெட்டியின் பின்புறத்தில் ஒட்டினார். வாயாலும் சொன்னார். நூறு தரம் சொன்னார்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டியது. பற்றறி வருவது நின்றது. அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் இருந்தது: பற்றறி முற்றாக இறங்கினால் உள்ளே இருக்கிற புத்தகமும் அழிந்துபோகும். மாற்றும்போதும் ஒரு நிமிசத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அழிந்தால் திரும்ப ஏற்ற எங்களுக்கு வழியில்லை. பற்றறி மாற்றும் நாளில் வெளிநோயாளர் அறை கோயில் போல இருக்கும். நான் சத்தமாக அறுபதிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். அவர் பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவார். வரிசையில் நிற்கிற சனம் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சின்னப் பற்றறி கிடைக்காமல் போனபோது ரோச்சுக்குப் போடுகிற பெரிய பற்றறிகளை வயர் கொடுத்து, பெட்டியின் முதுகில் பிளாஸ்ரரால் சுற்றிக் கட்டினார். சனம் முன்பு வாழைப்பழச் சீப்புக் கொண்டுவந்த கையால் பற்றறி கொண்டுவரும். முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், பிள்ளையின் மூச்சிழுப்புக்கு மருந்தெடுக்க வந்தபோது, தன் கடைச் சுவர்க்கடிகாரத்தில் இருந்ததைக் கழற்றி வந்து கொடுத்தார். மருந்தையும் தடுத்து, மருந்தைப் பார்த்துக் கொடுக்கத் தேவையான இரண்டு பற்றறியையும் தடுத்தவர்களை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த எல்லாத் தூசணமும் சொல்லித் திட்டினேன். யன்னலுக்குள் நின்றுதான்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். இரண்டாயிரத்து ஏழில் மகள் குடித்துவந்த மருந்துப் பாணி முடிந்துபோனது. அதற்குப் பதிலாகக் குளிசை வந்தது, வேறு மருந்து. ஐயா மருந்து எடுக்க வெளியே போய் இரண்டு நாளாகிவிட்டது. பெட்டி மேசையில் இருந்தது. அவர் ஆயிரம் தரம் செய்ததைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? மகள் பள்ளிக்கூடத்தில். அவளைக் கூட்டிவந்து தராசில் ஏற்ற எனக்குப் பொறுமை இல்லை. பெற்ற தாய்க்குப் பிள்ளையின் பிறந்த திகதி மறக்குமா? போட்டேன். பெட்டி அளவு சொன்னது. பிளாஸ்ரர் எழுத்து பற்றறிக் கட்டுக்குக் கீழே மறைந்து கிடந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுக்குரிய மருந்தைக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். நாலாம் நாள் காலைப் பிரார்த்தனையில் விழுந்தாள். மேல் உதடு பிளந்து, ஒரு பல் உடைந்து, ஒரு வாத்தியாரின் சைக்கிள் பாரில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஐயா அன்று மத்தியானம்தான் திரும்பி வந்தார். சைக்கிளைச் சாத்தமுதல் நான் சன்னதம் ஆடத் தொடங்கிவிட்டேன். உங்கட கள்ளத் திகதியாலதான் என்ர பிள்ளை செத்துப் பிழைச்சது என்று முழு ஆஸ்பத்திரிக்கும் கேட்கக் கத்தினேன். நானே வயதைப் போட்டேன் என்பதை அவர் பெட்டியைப் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பார். பிள்ளை எழும்பி நிற்கக்கூடிய நிலைக்கு வரும்வரை காத்திருந்து, தராசில் ஏற்றி நிறுத்து, அளவைப் பார்த்து எழுதினார். பிறகு என்னிடம் வந்தார்.

"பிழை என்ரதுதான். நான் இல்லாத நேரம் அதை இஞ்ச வைச்சிட்டுப் போயிருக்கக்கூடாது."

என் பிழையை அவர் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கவேண்டாம். ஆத்திரம்தான் கூடியது. நீ செய்தாய் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அன்றிலிருந்து பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போது மட்டும் அக்காவிடம் கொடுப்பாராம்.

பிறகு இடப்பெயர்வு. ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது, அங்கிருந்து ஒரு களஞ்சியத்துக்கு, அங்கிருந்து ஒரு தறப்பாளுக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் சனம் அரிசியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓட, இவர் தராசைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். ஐந்து லீற்றர் கானும் சேர்ந்து வரும். குடிக்கத் தண்ணீருக்கு அடிபடுகிற இடத்தில் தராசு பார்க்கத் தண்ணீர். அந்தக் கோதாரியைத் தூக்கி எறியுங்கோ என்று எத்தனை தரம் சொன்னேன். எறிகணை கூவிக்கொண்டு போகிற நேரத்திலும் பிள்ளைகளை வரிசையாக ஏற்றி நிறுத்தார். காயக்காரருக்கும் நிறுத்துத்தான் மருந்து. கைவிரலில் இரத்தத்தோடு குச்சியைப் பிடித்து அந்தத் திரையைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

மாத்தளன் பக்கம் கடற்கரை மணலில் இருந்தபோது ஒருநாள் மகளின் துண்டு கைக்கு வந்தது. குளிசை இன்னும் கால்வாசி குறைந்திருந்தது. போன மாதமும் குறைத்தவர், அப்போது நான் பேசாமல் இருந்தேன். இந்தமுறை எனக்குக் கண் சிவந்துவிட்டது. இருப்பு முடிகிறது, என் பிள்ளையின் பங்கை வெட்டி வேறு ஆருக்கோ கொடுக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் அப்படியே கேட்டேன். நீயும் ஒரு மனிசனோ என்று நீ போட்டுக் கேட்டேன். அவர் மகளை மறுபடி தராசில் ஏற்றினார். என்னைக் குனிந்து ஊசியைப் பார்க்கச் சொன்னார். போன கோடைக்கு முன் இருபத்துநாலு கிலோ இருந்தவள். ஊசி பதினாறில் நின்றது.

"மருந்தை நான் குறைக்கேல்லை. பிள்ளை குறைஞ்சிட்டாள்."

நான் தினமும் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை. கஞ்சிக்கு வரிசையில் நின்று நானே ஊட்டிய பிள்ளை. எட்டுக் கிலோ போனது எனக்குத் தெரியவில்லை. அவருடைய கொப்பியில் எல்லாப் பிள்ளைகளுடைய நிறையும் இருந்தது, மாதம் மாதமாக, எல்லாம் கீழே போய்க்கொண்டு. அங்கே பட்டினி இல்லை என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் மூஞ்சியில் அந்தக் கொப்பியால் அடிக்கவேண்டும் போல இருந்தது. அது அடுத்த கிழமை எரிந்த தறப்பாளோடு போனது. தராசும் போனது. பெட்டி மட்டும் அவர் இடுப்பில் மிஞ்சியது.

கடைசியில் முள்ளிவாய்க்காலிலிருந்து சனத்தோடு சனமாக வெளியே நடந்தோம். அவருடைய அக்கா முன்பே வேறு கூட்டத்தோடு போய்விட்டார். ஐயாவும் நானும் மகளும் ஒன்றாக நடந்தோம். சோதனையில் பிடிபடக்கூடாதென்று சனம் போன், ரேடியோ, வயர், எல்லாவற்றையும் நந்திக்கடலுக்குள் எறிந்துகொண்டு போனது. ஐயாவும் பையை அவிழ்த்துப் பெட்டியைக் கையில் எடுத்தார். நான்தான் மறித்தேன்.

ஏன் மறித்தேன் என்றால், அன்று காலை, முதலாவது காவலிடத்தில் காயக்காரருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தவர்கள், மகளின் மருந்து முடிந்துவிட்டது என்று நான் அழுததில் ஒரு மட்டைக் குளிசை தந்திருந்தார்கள். வலிப்புக்குத்தான், ஆனால் வேறு மருந்து. எவ்வளவு கொடுப்பது என்று கேட்கமுதல் எங்களைத் தள்ளிவிட்டார்கள். ஒருதரம் என் கையால் பிழை விட்டுப் பார்த்தவள் நான். இரண்டாந்தரம் பிழை விட எனக்குத் துணிவில்லை.

"இதை ஒருக்காப் பாத்துச் சொல்லிப்போட்டு எறியுங்கோ" என்றேன்.

ஆறு வருடத்தில் என் பேச்சை ஒருநாளும் கேளாத மனிதர் அன்றைக்குக் கேட்டார். மகளைத் தூக்கி, இறக்கி, இன்னொருதரம் தூக்கிப் பார்த்தார். தராசு இல்லாமல் அவர் ஒரு பிள்ளையின் நிறையைச் சொன்னது அன்றுதான். சொல்லும்போது முகம் வெட்கப்பட்டதுபோல இருந்தது. நடந்துகொண்டே திரையைத் தொட்டார். வெயிலில் எழுத்துத் தெரியவில்லை, என் சேலைத் தலைப்பை எடுத்து மேலே மறைத்துப் பிடித்தேன். காலை முக்கால், பின்னேரம் முக்கால், தண்ணீரோடு என்றார். திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் இரண்டு பக்கமும் முட்கம்பி. தண்ணீர் பின்னால் போய்விட்டது. எறிய இடமில்லை. பெட்டி மறுபடி இடுப்புக்குப் போனது.

மேசைக்குப் பின்னால் சீருடைக்காரர் மூன்று பேர், தமிழ் தெரிந்த ஒருவர். பையை அவிழ்த்தார்கள். வயரும் பிளாஸ்ரரும் சுற்றிய பற்றறிக் கட்டோடு ஒரு சாமான் வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? என்ன இது என்று கேட்டார்கள். மருந்துப் புத்தகம் என்றார். திரையைப் பார்த்துவிட்டுத் திகதி ஏன் ஐந்து வருடம் பிந்தி நிற்கிறது என்று கேட்டார்கள். அட மனிசா, பழுது என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? இவர் நோயாளிக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி, வெளிநாட்டிலிருந்து வந்த டொக்டர், ஒரு வருடச் சந்தா, மாதம் மாதம் திருப்பிவிடுவது என்று ஒன்றும் விடாமல் சொன்னார். உண்மைதான். கூட இருந்திராவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன். தமிழ் தெரிந்தவர் அதை மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்ல அவர்களுடைய முகம் இறுகிக்கொண்டு போனது. இதை வேறு ஆர் பாவித்தது என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இவங்களை எனக்குத் தெரியாதுங்க. வழியில வந்தவங்க."

பழைய பேச்சு வாயில் வந்திருந்தது. பார்க்காமல் ஒன்றும் சொல்லாத மனிதர் யோசிக்காமல் அந்தப் பொய்யைச் சொன்னார். தமிழ் தெரிந்தவர் என் பக்கம் திரும்பி, இவரைத் தெரியுமா என்று கேட்டார். மகளின் கை என் கைக்குள் இருந்தது. மற்றக் கையில் குளிசை மட்டை. தெரியாது என்று தலையாட்டினேன். ஐயாவைக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். என்னைப் போ என்றார்கள். போனேன்.

செட்டிகுளத்து முகாமில் முக்கால் குளிசைப்படி மருந்து கொடுத்தேன். மகள் விழவில்லை. ஒருநாளும் விழவில்லை. அந்த மனிதர் கடைசியாகக் கணக்குப் பார்த்தது அவ்வளவு சரியாக இருந்தது. முகாமில் நான் எல்லோரோடும் சண்டை பிடித்தேன்: தண்ணீர் வரிசையில், விறகுக்கு, பக்கத்துக் கூடாரத்தில் பாட்டுப் பாடினவளோடு. எவளாவது ஒருத்தி நீ ஏன் அவரைத் தெரியாதென்றாய் என்று கேட்டுவிடுவாளோ என்று எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தினேன் என்று இப்போது விளங்குகிறது.

இரண்டாம் மாதம் ஐயாவின் அக்கா வந்தார். வேறு பிரிவில் இருந்தவராம். அனுமதி எடுத்து ஒவ்வொரு கூடாரமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பாதி ஆளாகிப் போயிருந்தார். தம்பி உங்களோட சேர்ந்து நடந்ததா ஒருத்தர் சொன்னாங்க, எங்க விட்டீங்க என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியாது அக்கா, சனத்துக்குள்ள ஆரை ஆர் பாத்தது என்றேன். அவர் எழும்பப் போனார். அப்போது கூடாரத்துக்குள் இருந்து மகள் வெளியே வந்தாள்.

"எனக்குத் தெரியும். எங்களை நிறுக்கிற ஐயாதானே?"

ஓங்கி அறைந்தேன். பத்து வருடத்தில் அவளில் நான் கை வைத்ததே இல்லை. அடித்தால் வலிப்பு வந்துவிடும் என்று சத்தம் போட்டுப் பேசக்கூடப் பயந்து வளர்த்த பிள்ளை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. அவள் அழவில்லை. ஐயாவின் அக்கா நடுவில் வந்து அவளை இழுத்துத் தன் மடியில் இருத்திக்கொண்டார்.

"அடிக்காதீங்க. புள்ள சொல்லட்டும்."

பிள்ளை சொன்னாள். அம்மா மறித்தது, ஐயா தன்னை இரண்டு தரம் தூக்கிப் பார்த்தது, மேசை, பெட்டி, அவர் தெரியாதென்று சொன்னது எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். பிறகு, அம்மாவும் தெரியாதென்று தலையாட்டினவ என்றாள்.